இன்னொரு தடவை கேளுங்க

எத்தனையோ வருஷமாயிற்று. அந்த விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மூடிய அறைக்குள், ஒருவர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது வீலென்று கேட்டது.

"யாரது ஊதினது?" என்றார் மனநல டாக்டர்.

"நான்தான் மேடம். டீ வந்து ஆறிட்டிருக்கு" என்றாள் விசிலம்மா.

அறையே சிரித்தது, டாக்டரைத் தவிர.

விசிலம்மா நீச்சல் கோச். கழுத்தில் விசில் இல்லாமல் யாரும் அவளைப் பார்த்ததில்லை. நான் டேபிள் டென்னிஸ். அவளுக்குப் பக்கத்து நாற்காலி. விளையாடும் பிள்ளைகளின் மனசைப் புரிந்துகொள்வது எப்படி என்று எங்களைப் போன்ற கோச்சுகளுக்கு அன்று முழுநாள் வகுப்பு.

டாக்டர் நன்றாகத்தான் பேசினார்.

"ஏன் ஒரு மாதிரி இருக்கேன்னு கேட்டா, பிள்ளைங்க 'சும்மா'ன்னு சொல்லும். சும்மான்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல. சொல்ல வரலைன்னு அர்த்தம். அதோட விட்டுடாதீங்க. இன்னொரு தடவை கேளுங்க."

எல்லோரும் எழுதிக்கொண்டோம். விசிலம்மா டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதலியா?" என்றேன்.

"என் கையெழுத்து எனக்கே புரியாதுடி."

மதிய இடைவேளையில், கை கழுவும் இடத்தில் டாக்டர் அவளைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் இவளிடம்தான் நீச்சல் பழகுகிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"என் பொண்ணை ஏன் டீம்லேருந்து எடுத்தீங்க?"

"வேகம் பத்தல மேடம்."

"போன மாசம் அவதானே முதல்ல வந்தா?"

"போன மாசம் வந்தா."

"வீட்டுல முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டே திரியறா. என்னடின்னு கேட்டா 'சும்மா'ங்கறா. எல்லாம் உங்களாலதான்!"

விசிலம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு குழாயை மட்டும் மூடினாள்.

"காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்தறேன். ஒரு வார்த்தையாவது உங்க காதுல ஏறிச்சா? பிஸ்கட் தின்ன வந்தீங்களா? நீச்சல் சங்கத்துக்கு எழுதறேன். போட்டிக்குப் போற பிள்ளைங்க பக்கமே நீங்க இருக்கக் கூடாது."

"எழுதுங்க மேடம்."

எனக்கே எரிச்சலாக இருந்தது. சாயந்திரம் வகுப்பு முடிந்து திரும்பும் வழியில் கேட்டேன்: "சாரின்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே? வேலைக்கே உலை வெச்சுட்டாங்கன்னா என்ன பண்ணுவே?"

அவள் நீச்சல் குளத்தின் கேட்டருகே நின்று, விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். நான் அதுவரை பார்க்காத வெறும் கழுத்து.

மாலைப் பயிற்சி முடிந்து தண்ணீர் அடங்கியிருந்தது. கால்களை மட்டும் தண்ணீரில் விட்டபடி, படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். டாக்டரை உரித்து வைத்த மாதிரி முகம்.

"அம்மா ரொம்பத் திட்டினாங்களா மிஸ்?"

"உன்னையா திட்டினாங்க? என்னைத்தானே. எனக்கென்ன புதுசா?"

"போட்டி வேண்டாம்னு நான்தான் உங்ககிட்ட அழுதேன்னு தெரிஞ்சா, அம்மா உடைஞ்சு போயிடுவாங்க மிஸ். பார்க்கிறவங்க எல்லார்கிட்டயும் என்னைப் பத்திதான் பேசுவாங்க."

"ஒருநாள் நீதான் சொல்லணும். அப்ப நான் பக்கத்துல நிப்பேன். அதுவரைக்கும் எடுத்தது நான்தான், போதுமா? சரி, இன்னிக்கு ஏன் முகம் இப்படி இருக்கு?"

"சும்மா மிஸ்."

விசிலம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் தண்ணீரில் கால்களை விட்டுக்கொண்டாள்.

"ம்... இப்ப சொல்லு."

அந்தப் பெண் காலால் தண்ணீரை அளைந்தாள்.

"இன்னிக்கும் இறங்கலாம்னுதான் வந்தேன். எங்கேயோ யாரோ விசில் அடிச்சாங்க. அப்படியே மூச்சு அடைச்சுப் போச்சு."

"அடைக்கட்டும். இன்னிக்குக் கால் மட்டும் நனையட்டும்."

நான் சத்தம் போடாமல் வெளியே வந்துவிட்டேன்.

டாக்டர் சொன்னபடியே எழுதினார். விசிலம்மாவைப் போட்டி அணியிலிருந்து எடுத்து, வாண்டுகளுக்குச் சொல்லித்தரும் சின்னக் குளத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாள்.

அந்தப் பெண் அப்புறம் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மகளைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு வந்து நீந்துகிறாள்.

சும்மா.