இரண்டாவது பூட்டு

"ஆறே ஆறு நம்பர், வாசுகி! பார்த்துப் படிக்கக்கூடத் தெரியாதா உனக்கு?"

சிங்கப்பூரில் தான் வேலை செய்யும் ஃபேக்டரியின் படிக்கட்டில் நின்றுகொண்டு ரூபேந்திரன் கத்தினார். எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் ஸ்கூடாய் வீட்டில் அவர் மனைவி வாசுகி, காதில் தன் போனும் கையில் அவருடைய பழைய போனுமாக நின்றாள்.

கம்பெனியில் நடந்த பாதுகாப்பு வகுப்புக்குப் போய்வந்த அன்றே அவர் குடும்பப் பத்திரங்களை எல்லாம் இணையத்தில் ஏற்றி, இரண்டு பூட்டுப் போட்டுவிட்டார். முதல் பூட்டு பாஸ்வேர்டு. அது அவர் தலைக்குள் இருந்தது. இரண்டாவது, ஒவ்வொரு முறையும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு எண்கள். அவை மலேசிய நம்பருக்குத்தான் வரும். அந்த போனை எல்லை தாண்டிக் கொண்டுபோனால் தண்டச் செலவு என்று வீட்டிலேயே விட்டிருந்தார், ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில். கோட்டை மாதிரிப் பாதுகாப்பு.

"இப்ப புதுசா வரும். நிதானமா படி."

"ஃபோர், நைன், டூ, செவன், செவன், ஒன்."

"தப்புன்னு காட்டுது! அலமாக்... கண்ணாடி போட்டிருக்கியா இல்லியா?"

"போட்டிருக்கேங்க. எந்தப் பத்திரம் இவ்ளோ அவசரமா?"

"வீட்டு கிராண்ட், உரிமைப் பத்திரம். வீட்டு வரிக்குக் கேக்குறாங்க. சொன்னா உனக்குப் புரியாது லா. அடுத்ததைப் படி."

அடுத்ததும் தப்பு. அதற்கடுத்ததும்.

"இந்த லட்சணத்துல நீ பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தர்றே!"

"நீங்க கத்துனா பதட்டமா இருக்குங்க. மாறிப்போகுது."

ஐந்தாவது முறை இணையமே அலுத்துப்போய், நாளைக்கு வா என்று கதவைச் சாத்திக்கொண்டது.

"உன்னை நம்பி ஒரு காரியம் செய்ய முடியுதா?"

ரூபேந்திரன் போனை வைத்துவிட்டார். பாஸ்வேர்டைச் சொல்லும் அளவுக்குக்கூட அவர் அவளை நம்பியதில்லை என்பது வேறு விஷயம்.

உடனே பழைய போன் அடித்தது. வாசுகி எடுத்து வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஆரம்பித்துவிட்டது.

"அண்ணே, வீட்டு ஏஜெண்ட் சுகுமாறன். கிராண்ட் இன்னும் வரலியே? இன்னிக்கு விட்டா பார்ட்டி வேற வீட்டை வாங்கிடுவாங்க. நேத்து மாதிரி 'ம்'முன்னு சொல்லிட்டு வெச்சிடாதீங்கண்ணே. நான்தான் சொன்னேனே, விக்கிற வரைக்கும் அண்ணிக்குத் தெரியாது."

"நேத்து எடுத்ததும் அண்ணிதான், தம்பி."