கட்டைப்பைக்குள் பூனை

"பூனை, நாய் வளர்த்தா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணணும்" என்று சொல்லித்தான் தங்கமணிக்கு ஓசூரில் வீடு கொடுத்திருந்தார் ஓனர் சென்னகிருஷ்ணன்.

ரகசியமாக வளர்த்த பூனைக்கு வயிற்றில் புழு. அரசு கால்நடை மருந்தகத்தில் மாத்திரை இலவசம் என்பதால், தங்கமணி பூனையைக் கட்டைப்பைக்குள் மறைத்துக் கொண்டுபோனாள். வரிசையில் அவளுக்குப் பின்னால், மாட்டுக்கு மருந்து வாங்க வந்த ஓனர்.

"பையில என்னம்மா?"

"பழைய துணிங்க சார்."

பை கத்தியது. ஓனர் முறைத்தார்.

தங்கமணியின் முறை வந்ததும், டாக்டர் பூனையின் வாயைத் திறந்து மாத்திரையைப் போடப் போனார்.

"குடுக்காதீங்க" என்று ஓனர் குறுக்கே வந்தார்.

"நேத்துதான் நான் இதுக்குப் பூச்சி மாத்திரை குடுத்தேன். இந்தம்மா கம்பெனிக்குப் போனதும் ஜன்னல் வழியா மாடிக்கு வந்துடும். மீன் வைக்கிறதே நான்தான்."

பிறகு தங்கமணியிடம் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. பூனை கூடாதுன்னது அவதான்."