பக்கம் பதிலளிக்கவில்லை

‘எனக்கு மிஷின் வேண்’ என்பதோடு திரை நின்றுபோனது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எழுத்து நகரவில்லை. அடுத்து வரக்கூடிய சொல் என்று இரண்டை எடுத்துக் கீழே வைத்திருந்தது பிரௌசர். இடது பக்கம் வேண்டும். வலது பக்கம் வேண்டாம்.

இரண்டில் ஒன்றை அவர் பார்த்தால் போதும். பார்த்தும் இருப்பார். சனியன் பிடித்த பிரௌசர்தான் உறைந்து கிடக்கிறது.

கட்டிலில் சாய்ந்திருந்தார் கணவர். அவர் முகத்துக்கு நேராக லேப்டாப். பக்கத்தில் ஸ்டூல் போட்டு அவள்.

கை போய், கால் போய், நாக்கும் போய், இப்போது அவரிடம் மிச்சம் இருப்பவை கண்கள்தாம். லேப்டாப் கேமரா அவற்றைப் பின்தொடரும். எந்த எழுத்தின் மேல் பார்வை நிற்கிறதோ அது பெட்டிக்குள் விழும். எழுதி முடித்ததும் ஒரு பெண் குரல் அதை வாசிக்கும்.

துணிக்கடையில் ரவிக்கைத் துணி எடுக்க வந்தவளைப் பட்டுப்புடவையோடு அனுப்பிவைத்த மனிதர். அவரிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது. இப்போது ஒரு வரி சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் நீர் கட்டிவிடுகிறது.

மூச்சு நாளுக்கு நாள் குறைகிறது. தொண்டையில் துளை போட்டு மிஷினோடு இணைத்தால் இருப்பார். அதன் பிறகு ஆயுசுக்கும் மிஷினோடுதான். இணைக்காவிட்டால் எவ்வளவு நாள் என்று சொல்வதற்கில்லை. அவரிடமே கேட்டு இன்றைக்குள் சொல்லிவிடுங்கள் என்றிருந்தார் டாக்டர்.

கேட்டாள். பதில் பாதி வந்து நிற்கிறது.

திரையில் சின்னதாக ஒரு பெட்டி முளைத்தது. பக்கம் பதிலளிக்கவில்லை. காத்திருக்கவா, மூடவா?

காத்திரு என்று அழுத்தினாள்.

மறுபடியும் அதே பெட்டி.

மறுபடியும் காத்திரு.

அண்ணன் மகன் இசக்கிராஜுக்குப் போன் போட்டாள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கண்ணால் எழுதுகிற இந்த வித்தையை மாமாவுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தவனும் அவன்தான்.

"நேத்து அப்டேட் ஆயிருக்கும் அத்தை. இங்கயும் பல பேருக்கு இப்படித்தான் நிக்குது. மூடுன்னு குடுங்க. திரும்பத் தொறந்து, நான் சொல்றதை ஆஃப் பண்ணுங்க, சரியாயிரும்."

"அவுக எழுதினது?"

"அது போயிரும். இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

அவனுக்கென்ன, வாய் இருக்கிறது, சொல்லிவிட்டான்.

மூடு என்பதற்கு மேல் அவள் விரல் நின்றது.

அழுத்தவில்லை.

உள்ளுக்குள் ஒரு நிம்மதி. வெளியே சொல்ல வெட்கமான நிம்மதி. இது இப்படியே நிற்கிறவரைக்கும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் அதைத்தான் சொல்லுவார் என்று அவளுக்குப் பயம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது. ஊருக்கே புடவை விற்கிற வாய், வீட்டில் தனக்கென்று ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. எழுந்துபோய் அவரே மோந்து குடிப்பார். அப்படிப்பட்டவர் ஒருத்தி தலையில் பாரமாகக் கிடக்கச் சம்மதிப்பாரா.

அவர் கண் இடப்பக்கம் நிற்கிறதா வலப்பக்கமா என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

திருப்பவில்லை. மறுபடியும் காத்திரு என்று அழுத்தினாள்.

"அத்தை, மூடிட்டீங்களா?"

"மூடுதேன்."

அப்புறம்தான் திரும்பினாள்.

அவர் இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.

திருட்டுப் பிடிபட்டவள் மாதிரி சட்டென்று திரைக்குத் திரும்பினாள்.

மூடினாள். திறந்தாள். இசக்கிராஜ் சொன்ன ஒவ்வொன்றையும் நிறுத்தினாள். போனை வைத்தாள். எழுத்துகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. பெட்டி காலியாக இருந்தது.

"என்னங்க, இன்னொரு தடவை…"



எ விழும் என்று காத்திருந்தாள்.

விழுந்தது உ.

பிறகு ன. பிறகு க். வெகுநேரம் கழித்து கு. அதோடு நிறுத்திக்கொண்டார்.

பெண் குரல் வாசித்தது. உனக்கு.

அந்தக் குரலுக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

நியாயம் தெரிந்தவள் என்றால், என்னைக் கேட்காதீர்கள், உங்கள் உடம்பு, உங்கள் மூச்சு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் நினைத்தாள். வாய் முந்திக்கொண்டது.

"எனக்கு நீங்க வேணும்ங்க."

அவர் அவளையே பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. பிறகு கண்கள் மெல்லத் திரைக்குப் போயின.

இந்தத் தடவை பிரௌசர் எங்கேயும் நிற்கவில்லை.

வேண்டும், என்றது பெண் குரல்.

அவர் கண்ணோரத்து நீரை முந்தானையால் ஒற்றிவிட்டு, டாக்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"சரின்னுட்டாக, டாக்டர்."

"யாரும் எதுவும் சொல்லாம, அவராவே சொன்னாரா?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

"அவுகளேதான் சொன்னாக," என்றாள்.