நான்கு நிமிடக் கணவர்

“அந்த பட்டனை அழுத்தாதீங்க சார்.”

படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஓடி வந்த களப்பணிக்காரப் பெண், வாசலிலேயே மூச்சு வாங்கினாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கணினியின் ‘அழி’ பட்டனுக்கு மேலே சாம்பிள் சாரின் விரல் அந்தரத்தில் நின்றது. ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு அதுதான் பெயர். எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினால் ஊர் முழுவதையும் தட்டியதாக ஆகும் என்று முடிவு செய்பவர். இன்னும் கால் மணி நேரத்தில் அறிக்கை போயாக வேண்டும். அதற்குள் இவள் கொண்டுவந்த அறுபது படிவங்களையும் அழிக்க வேண்டும். ஒரு படிவம் பொய்யானாலும் அத்தனையும் குப்பை, கொண்டுவந்தவருக்கு வேலையும் போகும். விதியை எழுதியவரும் அவரே.

“முப்பத்தேழாவது படிவம். நீயே படிம்மா.”

அவள் படிக்கவில்லை, ஒப்பித்தாள். “வீட்டு வேலைக்குக் கணவர் செலவழிக்கிற நேரம், தினம் நாலு நிமிஷம். அதுவும் வேலை செய்ய இல்ல, நான் செய்யற வேலையில குத்தம் கண்டுபிடிக்க.”

“மத்த அம்பத்தொம்பது வீட்டுலயும் ஒரு மணி, ஒன்றரை மணின்னு இருக்கு. இங்க மட்டும் நாலு நிமிஷமா? பஸ் ஸ்டாப்புல உக்காந்து எழுதினதுதானே இது?”

“கதவைத் தட்டிக் கேட்டு எழுதினது சார்.”

“யார் வீட்டுக் கதவு? தண்ணி குடுத்து உக்கார வைக்கிற வீடாப் பார்த்து நுழைஞ்சியா? கைக்குக் கிடைச்சவங்களைக் கேக்கறது, கேள்வி புரியுதான்னு வெள்ளோட்டம் பார்க்கத்தான் ஆகும். அதை வச்சு ஊரைப் பத்திப் பேச முடியாது.”

“தெரியும் சார். ரெண்டு நாள் வகுப்பு எடுத்தீங்களே. ரெண்டாம் நாள் பாதிப் பேர் தூங்கிட்டாங்க. எனக்கு நாற்காலி சரியில்ல, அதனால முழுசாக் கேட்டேன்.”

“அப்போ சொல்லு பார்ப்போம். ஏன் குலுக்கல் போடல?”

“குலுக்கல் போடணும்னா எல்லா வீட்டோட பட்டியலும் கையில இருக்கணும். நம்மகிட்ட இல்ல. அதனால தெருக்களைக் கம்ப்யூட்டர் பொறுக்கிச்சு. அதுலயும் வசதியான தெரு, வசதியில்லாத தெருன்னு முதல்லயே பிரிச்சீங்க, ஒரு பக்கத்துக் கதையே வந்துடக் கூடாதுன்னு. தெருவுக்குள்ள போனா எட்டு வீட்டுக்கு ஒரு வீடு. எத்தனாவது வீட்டுல ஆரம்பிக்கணும்னு கண்ணை மூடிக்கிட்டு எண் எடுத்துக் குடுத்ததே நீங்கதான்.”

“வீடு பூட்டியிருந்தா?”

“பக்கத்து வீட்டுக்குப் போகக் கூடாது. திரும்பத் திரும்ப வரணும். இந்த அம்மா எனக்கு மூணாவது நடையிலதான் கிடைச்சாங்க.”

சாம்பிள் சாருக்கு எரிச்சலாக இருந்தது. தான் நடத்திய பாடத்தை ஒருத்தி உண்மையிலேயே கேட்டிருப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இதுவரை அப்படி நடந்ததில்லை.

“இதோ பாரும்மா. இருபது வருஷமா ஆயிரம் பேரைக் கேட்டுட்டு, கேக்காத பத்து லட்சம் பேர் மனசுல என்ன இருக்குன்னு சொல்லிப் பொழைக்கறேன். ஜோசியக்காரன்கூட ஆளை எதிர்ல உக்கார வச்சுதான் சொல்றான். அவனுக்கும் கீழ நான். ஆனா எனக்கு ஒரு மூக்கு இருக்கு. பொய்ப் படிவம்னா மோப்பம் பிடிச்சிடும்.”

“அந்த மூக்குக்குப் பிழை எத்தனை சதவீதம் சார்?”

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. விரலை மட்டும் எடுக்கவில்லை.

“சரி, பதினோராவது கேள்வி. கணவர் கடைசியாப் பாத்திரம் கழுவினது எப்போ? பதில், ‘கல்யாணத்துக்கு முன்னாடியா இருக்கலாம், அவங்க அம்மாவைத்தான் விசாரிக்கணும்.’ எந்த வீட்டுப் பொம்பளைம்மா முன்ன பின்ன தெரியாத ஆள்கிட்ட இப்படிச் சொல்லுவா? இப்படி ஒருத்தன் நிஜமாவே இருந்தா, நானே போய் அவன் காதைத் திருகுவேன்.”

“சொன்னாங்க சார். சொல்லிட்டு ரொம்ப நேரம் சிரிச்சாங்க. இத்தனை வருஷத்துல இதையெல்லாம் எங்கிட்ட யாருமே கேட்டதில்லைன்னாங்க.” அவள் குரல் இறங்கியது. “இந்த வேலையை நம்பித்தான் பொண்ணைக் காலேஜ்ல சேர்த்திருக்கேன். ஒரே ஒரு போன் போட்டுக் கேளுங்க. பொய்னு தெரிஞ்சா அந்த பட்டனை நானே அழுத்திட்டுப் போயிடறேன்.”

படிவத்தில் பெயர் இருக்காது, விலாசமும் இருக்காது. இரண்டும் தொலைபேசி எண்ணோடு ஒட்டிய உறைக்குள் தனியாக இருக்கும். சந்தேகம் வந்தால் மட்டுமே பிரிக்கலாம். சாம்பிள் சார் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்பது நிமிடம். உறையை எடுத்துக் கிழித்து, உள்ளே இருந்த சீட்டைப் பார்க்காமலே அவளிடம் நீட்டினார்.

“எண்ணை மட்டும் படி. ஸ்பீக்கர்ல போடறேன். அந்த அம்மா ஆமான்னு சொல்லிட்டா உன் வேலை உனக்கு. எல்லார் முன்னாடியும் மன்னிப்பும் கேக்கறேன்.”

அவள் ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். அவர் செல்போனில் நிதானமாக, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே வந்தார்.

பத்தாவது எண்ணை அழுத்தியதும், மணி அடிப்பதற்கு முன்பே, அந்த எண்ணுக்கு அவர் என்றைக்கோ பதிந்து வைத்திருந்த பெயர் திரையில் வந்தது: ‘வீடு’.