குதிகால் பாடம்

"குதிகாலைத் தூக்காதே. பின்னங்கால் முட்டி நேரா இருக்கணும். பாரு, திரும்ப மடக்கறே."

சுவரில் கையூன்றி நின்ற அம்மாவை அப்பா விரட்டிக்கொண்டிருந்தார். அவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வீட்டிலும் அதே குரல்தான்.

அம்மாவுக்குக் குதிகால் வலி என்று கேள்விப்பட்டு வந்திருந்த மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வலியோட இருக்கறவங்களை இப்படியாப்பா படுத்துவீங்க?"

"கெண்டைக்கால் நல்லா இழுபட்டாத்தான் வலி போகும். நீ நகரு." அம்மாவை ஒதுங்கச் சொல்லிவிட்டு அவரே செய்து காட்டினார். "அடுத்து, நுனிக்காலில் எழும்பணும். இறங்கும்போது கிளட்ச்சை விடற மாதிரி மெதுவா விடணும். பொத்துன்னு விட்டா வண்டி நின்னுடும்."

அதையும் வேர்க்க வேர்க்கச் செய்து காட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

"இப்ப வலி எப்படிம்மா இருக்கு?"

"எனக்கு ஏதுடி வலி? வலியெல்லாம் அவருக்குத்தான். காலையில கட்டிலை விட்டு இறங்கினா சுவரைப் பிடிக்காம ஒரு அடி வைக்க முடியாம இருந்தார். டாக்டர் பயிற்சி சொன்னா, 'அதெல்லாம் எனக்கு எதுக்கு'ன்னுட்டார். எனக்கும் வலிக்குது, சொல்லிக்கொடுங்கன்னேன். அன்னிக்கே மாஸ்டர் ஆயிட்டார்."

ஜன்னல் வழியே பார்த்தாள் மகள். எதையும் பிடிக்காமல் அப்பா மளமளவென்று படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

"அதுக்காக தினமும் திட்டு வாங்கணுமா? முட்டியையாவது ஒழுங்கா வையேன்."

"ஒழுங்கா வெச்சா, அவர் செஞ்சு காட்ட மாட்டாரே."