மேலே படுத்த கைக்குட்டை

பிரபாவதியின் தோள்பையில் கைக்குட்டையும் இன்ஹேலரும் குடியிருந்தன. கைக்குட்டை எப்போதும் மேலே பரந்து படுத்துக்கொள்ளும்.

"தூசி பட்டால் தும்மல், தும்மினால் நான். எனக்கு ஓய்வே இல்லை. நீ அடியில் சொகுசாகத் தூங்குகிறாய்," என்று அது சலித்துக்கொண்டது.

"உனக்கு மூக்கு, எனக்கு நெஞ்சு. ஆனால் காற்று போகிற வழி ஒன்றுதான். தும்மல் விடாமல் வந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்," என்றது இன்ஹேலர்.

"தும்மல் என் வேலை. நீ தலையிடாதே."

ஒருநாள் பிரபாவதி பரணிலிருந்த போர்வையை எடுத்து உதறினாள். அடுக்கடுக்காகப் பத்துத் தும்மல். கைக்குட்டை நனைந்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. தும்மல் நின்றதும், "முடித்துவிட்டேன் பார்!" என்று பையில் மேலே வந்து படுத்தது.

அதற்குள் அவள் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. பைக்குள் அவசரமாகத் துழாவிய கைக்கு இரண்டு தடவையும் கைக்குட்டைதான் அகப்பட்டது.

"நான் இல்லை! அடியில் இருக்கிறான்!" என்று அலறிக்கொண்டே அது சுருண்டு ஒதுங்கியது. இன்ஹேலர் கைக்கு வந்தது. மருந்தை இழுத்த கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. கைக்குட்டைக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

மறுநாள் பிரபாவதி ஒரே ஒரு தும்மல் போட்டாள்.

"எழுந்திரு, எழுந்திரு!" என்று கைக்குட்டை கத்தியது.

"ஒரு தும்மலுக்கா?" என்று சிரித்தது இன்ஹேலர். ஆனாலும் அது திரும்பத் தூங்கவில்லை.