எல்லை குறித்தவர்

"அண்ணே, ட்ரோனைக் காணோம்!"

ரிமோட்டும் கையுமாக வரப்பில் நின்று பதறினான் மாறன். வேங்கிக்காலில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இந்த ஒரு மருந்தடிக்கும் ட்ரோனை நம்பித்தான் தொழிலில் இறங்கியிருந்தான். வயலில் விழுந்து மோட்டாரில் தண்ணீர் ஏறினால் பிழைப்பே போச்சு.

நிலத்துக்காரர் ராஜேந்திரன் அலட்டிக்கொள்ளவில்லை. "அது எப்படிப்பா காணாமப் போவும்?"

"அதான் புரியல. டேங்க்ல மருந்தைக்கூட கம்மியாத்தான் ஊத்தினேன். எடை கொறஞ்சா பேட்டரி ஜாஸ்தி நேரம் தாங்கும். உங்க நெலம் முழுக்க அடிச்சுட்டு இந்நேரம் வந்திருக்கணுமே!"

ட்ரோன் கடைசியாக இருந்த இடத்தை ரிமோட் திரையில் தேடினான். தென்னை மரங்களுக்கு அப்பால், ராஜேந்திரனின் தம்பி திருமலை வயலில் காட்டியது.

அப்போதுதான் எல்லைக் கோட்டைக் கவனித்தான். பறக்கவிடும் முன் ரிமோட்டோடு நிலத்தின் மூலைகளுக்கு நடந்து எல்லை குறிக்க வேண்டும். மாறன் மருந்து கலக்கிக்கொண்டிருந்ததால், "என் நெலம் எனக்குத் தெரியாதா?" என்று ராஜேந்திரனே போய்க் குறித்துவிட்டு வந்தார். தம்பி நிலத்தையும் சேர்த்தல்லவா குறித்திருக்கிறார்! பேட்டரி எப்படித் தாங்கும்?

மாறனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரப்புத் தகராறில் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை என்பது கீழ்பென்னாத்தூருக்கே தெரியும். அதற்காக, தம்பி கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் நேரம் பார்த்தா நிலத்தை வளைப்பது? சீ, என்ன மனுஷன்!

வயலில் இறங்கினான். ராஜேந்திரனும் பின்னாலேயே வந்தார். நல்லவேளை, ட்ரோன் சேற்றில் கால் புதைந்து நின்றதோடு சரி. மாறனுக்கு உயிர் வந்தது. சுற்றிலும் நெற்பயிர் திட்டுத்திட்டாகக் கருகிக் கிடந்தது. தூரெல்லாம் புகையான் பூச்சி.

"யாரைக் கேட்டு எங்க நெலத்துல மருந்து அடிக்கிறீங்க?"

வரப்பில் திருமலையின் மனைவி.

மாறன் ராஜேந்திரனைப் பார்த்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் காதில் விழும்படி மாறனிடம் சொன்னார்:

"மிஷினு வழி தவறி வந்துடுச்சுன்னு சொல்லுப்பா."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ராஜேந்திரன் குரலைத் தாழ்த்தினார். "அவன் எழுந்து வர்றதுக்குள்ள மொத்தப் பயிரும் போயிடும்பா. பேட்டரிய மாத்து, டேங்கை ரொப்பு. கடைசி மூலை வரைக்கும் இன்னொரு வாட்டி வழி தவற வுடு!"